எதிர்ப் பியானோவில் அமர்ந்த நினைவு: இருவர் வாசிக்கும் இசையில் மேற்கோள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஓர் இசையமைப்பாளர் தம் படைப்பின் நடுவே இன்னொருவருடைய மெட்டை எடுத்து வைக்கிறார். கேட்பவருக்கு அது முன்பே தெரிந்த மெட்டு. ஏன் வைக்கிறார்? அந்த இடத்தில் நம் காதுக்குள்ளும் மனத்துக்குள்ளும் நடப்பது என்ன? மேற்கத்திய செவ்வியல் இசையில் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்தக் கேள்வி தொடர்ந்து வந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஐவ்ஸ், இத்தாலியில் பெரியோ, ரஷ்யாவில் ஷ்னிட்கே என்று பெரிய பெயர்கள் எல்லாம் இதில் உண்டு. பெரியோவின் ‘சின்ஃபோனியா’வைப் பற்றி மட்டுமே ஒரு மாலை முழுவதும் பேசலாம். இன்று நான் பெரிய இசைக்குழுவைத் தொடப்போவதில்லை. இரண்டு பேர் பியானோ முன் அமர்ந்து வாசிக்கும் படைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே பியானோவில் நான்கு கைகள், அல்லது இரண்டு பியானோக்கள்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசையில் ஒரு மேற்கோளுக்குப் பொருள், அது எங்கிருந்து வந்தது என்பதால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. அந்தப் பழைய மெட்டு ஒலிக்கும்போது அதன் பக்கத்தில் வேறென்ன ஒலிக்கிறது, அதற்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான் பொருள் பிறக்கிறது. இருவர் வாசிக்கும் பியானோ இசையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேள்வி ஒருவர் கையில் இருக்கிறது, பதில் மற்றவர் கையில் இருக்கிறது.

ஓர் எல்லையையும் குறித்துக்கொள்வோம். பழைய மெட்டை முழுவதுமாக எடுத்துப் புதிய படைப்பாக்குவதை நான் இங்கே மேற்கோள் என்று கொள்ளவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்கள் ஆக்கினார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அங்கே மெட்டு விருந்தாளியாக வரவில்லை, குடியேறிவிட்டது. அதேபோல லுதோஸ்வாவ்ஸ்கி 1941இல் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய பகனீனி வேறுபாடுகளும் நம் பேச்சுக்கு வெளியே நிற்கின்றன. ஆனாலும் அதன் கதையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஜெர்மானியப் படை வார்சாவைப் பிடித்திருந்த ஆண்டுகளில் லுதோஸ்வாவ்ஸ்கியும் பனூஃப்னிக்கும் காப்பிக் கடைகளில் இரண்டு பியானோ வாசித்துப் பிழைத்தார்கள். அதற்காக ஏறத்தாழ 200 படைப்புகளை மாற்றி எழுதினார்கள். 1944 எழுச்சியில் நகரம் அழிந்தபோது அவை அழிந்தன. மிஞ்சியது இந்த ஒன்று.

1. விரல்களில் தங்கிய இசை

ஒலிப்பதிவு வருவதற்கு முன், ஐரோப்பாவின் ஒரு சிறு நகரத்தில் வாழ்ந்தவர் பீத்தோவன் சிம்பொனி ஒன்றை இசைக்குழு வாசித்து எத்தனை முறை கேட்டிருப்பார்? வாழ்நாளில் ஓரிரு முறை என்றால் அதுவே பேறு. ஆனால் அந்தச் சிம்பொனி அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். வீட்டில் அக்காவும் தங்கையும், கணவனும் மனைவியும் ஒரே பலகையில் அமர்ந்து நான்கு கைகளால் அதை வாசித்திருப்பார்கள். பதிப்பாளர்கள் புதிய சிம்பொனிகளின் பியானோ வடிவத்தையும் அச்சிட்டு விற்றார்கள். பிராம்ஸ் தம் சிம்பொனிகளை நான்கு கைகளுக்குத் தாமே மாற்றி எழுதினார். 1885இல் நான்காவது சிம்பொனியை நண்பர்கள் முதன்முதலில் கேட்டது இக்னாஸ் ப்ரூலும் அவரும் சேர்ந்து வாசித்த பியானோவில்தான். 1912இல் லூயி லலோவா வீட்டில் ஸ்த்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ வாசிக்கப்பட்டபோது பியானோ முன் அருகருகே அமர்ந்திருந்தவர்கள் அவரும் தெபுஸ்ஸியும். இசைக்குழு அதை மேடையேற்றியது அடுத்த ஆண்டு.

ஆகவே பிறர் இசையை நினைவில் வைத்திருப்பது இந்த வடிவத்தின் அன்றாடத் தொழிலாகவே இருந்தது. அதிலிருந்து விளையாட்டும் பிறந்தது. மியூனிக் நகரில் வாக்னரின் ‘ட்ரிஸ்டான்’ கேட்டுக் கண்ணீர் விட்ட ஷப்ரியே, பின்னர் அதே நாடகத்தின் மெட்டுகளை நான்கு கைகளுக்கான நடன இசையாக எழுதினார். ஃபோரேயும் மெஸாஜேயும் சேர்ந்து வாக்னரின் ‘மோதிர’ நாடகங்களை அப்படியே செய்தார்கள். ஆழ்ந்து நேசித்ததோடு இப்படி விளையாடவும் முடிகிறது. சான் சான்ஸ் 1886இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வை எல்லோரும் அறிவோம். இரண்டு பியானோக்களும் ஒரு சிறு குழுவும் சேர்ந்து வாசிப்பது. ஆஃபென்பாக்கின் துள்ளல் நடனம் அதில் ஆமையின் வேகத்துக்கு இறங்கி, தந்தி வாத்தியங்களில் ஊர்கிறது. மெட்டு அதேதான். காலப்பிரமாணம் மட்டும் மாறியது, மெட்டுக்கு வேறு பிறவி கிடைத்துவிட்டது.

2. ஒரே குரல்

இசைக்குழுவில் மேற்கோள் வைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஆல்பன் பெர்க் தம் வயலின் கன்செர்ட்டோவில் (1935) பாஃக்கின் துதிப்பாடல் ஒன்றைக் கிளாரினெட்டுகளிடம் கொடுத்தார். தேவாலய ஆர்கன் போல ஒரு நிறம் திடீரென்று எழுகிறது. மேற்கோள் வந்துவிட்டது என்று அந்த நிறமே அறிவித்துவிடுகிறது.

இரண்டு பியானோக்களில் அது இல்லை. பாஃக்கும் பியானோ, மொசார்ட்டும் பியானோ, நேற்று எழுதிய ஸ்வரமும் பியானோ. எது பழையது, எது புதியது என்று வாத்தியத்தின் நாதம் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது வாசிப்பவரின் தொடுகை. எவ்வளவு அழுத்தம், எந்த ஸ்தாயி, மிதியைப் பிடித்தாரா விட்டாரா என்பவற்றால்தான் கேட்பவர் பிரித்தறிகிறார். மேடை அமைப்பையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு பெரிய பியானோக்கள் வளைவோடு வளைவு பொருந்த எதிரெதிரே நிற்கின்றன. வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருவர் பழைய மெட்டைத் தொடங்கும்போது மற்றவர் தலை நிமிர்வதை நாம் பார்க்கலாம்.

நிறம் உதவாத காரணத்தாலேயே இங்கே மேற்கோள் கூர்மையாகிறது என்பது என் முடிவு. இனி மூன்று படைப்புகளைச் சற்று நின்று பார்ப்போம்.

3. பகைவனின் பாடல்: தெபுஸ்ஸி, 1915

1915 கோடையில் தெபுஸ்ஸி நார்மண்டிக் கடற்கரையில் பூர்வில் என்ற ஊரில் தங்கியிருந்தார். உடலில் புற்றுநோய், நாட்டில் போர். பல மாதங்கள் எழுத முடியாமல் இருந்தவருக்கு அங்கே இசை மீண்டும் வந்தது. பியானோப் பயிற்சிகள், செல்லோ சொனாட்டா, இவற்றோடு இரண்டு பியானோக்களுக்கான ‘வெள்ளையிலும் கறுப்பிலும்’. மூன்று பகுதிகள். நடுப்பகுதி லெப்டினன்ட் ஜாக் ஷார்லோவுக்குக் காணிக்கை. 1915 மார்ச் 3ஆம் நாள் போர்க்களத்தில் மடிந்தவர் அவர். பதிப்பாளர் துரானின் நிறுவனத்தில் பணியாற்றியவர். ரவேல் நான்கு கைகளுக்கு எழுதிய ‘அன்னை வாத்து’ படைப்பை ஒருவர் தனித்து வாசிக்கும்படி மாற்றி எழுதியவரும் இந்த ஷார்லோதான். பின்னர் ரவேலும் ‘கூப்பரானின் கல்லறை’யின் முதல் பகுதியை இவருக்கே காணிக்கையாக்கினார். நான்கு கைகளின் இசையை இரண்டு கைகளுக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு, இரண்டு பியானோக்களில் அஞ்சலி. தெபுஸ்ஸி இதை எண்ணித்தான் எழுதினாரா என்று ஆராய வேண்டியதில்லை. கேட்கும் நமக்கு அது கனமாகவே இருக்கிறது.

இந்த நடுப்பகுதியில் தொலைவிலிருந்து வரும் ஊதுகொம்பின் அழைப்புகள் கேட்கின்றன. பிறகு கீழ் ஸ்தாயியில் அமைதியற்ற ஒரு துடிப்பு. அதன் மேல் கனத்த காலடிகளோடு ஒரு மெட்டு வருகிறது. லூத்தரின் ‘நம் கடவுள் உறுதியான கோட்டை’ என்ற துதிப்பாடல். பாஃக் தம் 80ஆம் காண்டாட்டாவில் விரித்துப் பாடியது அதுவே. மெண்டல்சோன் தம் ஐந்தாவது சிம்பொனியில் வணங்கி நின்றதும் அதன் முன்தான். ஆனால் வாக்னர் 1871இல், பிரான்ஸ் தோற்றபின், பேரரசருக்கு எழுதிய வெற்றி அணிவகுப்பு இசையிலும் அது இருக்கிறது. அப்போது தெபுஸ்ஸி சிறுவன். அவருடைய தந்தை பாரிஸ் கம்யூனில் சேர்ந்ததற்காகச் சிறையில் இருந்தார். அந்தப் பாடல் ஒரு பிரெஞ்சுக்காரர் காதில் எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

தெபுஸ்ஸி அதை எப்படி வைக்கிறார் என்பதே முக்கியம். மெட்டு அடையாளம் தெரியும்படி நிற்கிறது. அதற்குரிய ஒத்திசைவுகள் மட்டும் பிடுங்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் வந்து ஒட்டும் ஸ்வரங்கள் கரடானவை. தேவாலயத்தில் ஆறுதலாக ஒலித்த பாடல் இங்கே பூட்ஸ் கால்களோடு நடக்கிறது. பிறகு அது விலகுகிறது. மேலே மெல்லிய மணியோசை போல ஒன்று தொடங்குகிறது. துரானுக்கு எழுதிய கடிதத்தில் அந்த மணியோசை மார்செய்யேஸ் பாடலுக்கு ஒரு முன்னோட்டம் என்று தெபுஸ்ஸி குறிப்பிட்டார். பிரெஞ்சுத் தேசிய கீதத்தை அவர் முழங்கவிடவில்லை. அது பிறப்பதற்குச் சற்று முந்தைய நிலையில், ஓர் அரைக் குரலில் நிறுத்திவிட்டார். பகைவனின் பாடலை முழுதாகக் காட்டிவிட்டு, தம் நாட்டுப் பாடலைச் சாயலாக மட்டும் காட்டினார். ஒரு நூற்றாண்டு கழித்துக் கேட்டாலும் நெஞ்சைத் தொடுவது இந்த ஏற்றத்தாழ்வுதான். இரண்டையும் சம பலத்தோடு மோதவிட்டிருந்தால் போர்க்காலப் பிரசாரமாகவே முடிந்திருக்கும்.

4. யாருக்கும் தெரியாத மேற்கோள்: ராக்மானினாஃப், 1940

மேற்கோளைப் பற்றிய வழக்கமான எண்ணம் ஒன்று உண்டு. கேட்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது மேற்கோள். நம் உரையாசிரியர்கள் ஒரு பாட்டின் முதலடியை மட்டும் சுட்டி, ‘என்றாற் போல’ என்று மேலே செல்வார்கள். மிச்சம் வாசகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. ராக்மானினாஃப் இந்த எண்ணத்தை அசைத்துவிடுகிறார்.

அவருடைய முதல் சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் கிளாஸுனோவ் தலைமையில் அரங்கேறிப் படுதோல்வி அடைந்தது. சேசார் குய் எழுதிய மதிப்புரை கொடுமையாக இருந்தது. 24 வயதுகூட நிரம்பாத அந்த இளைஞரால் அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. மருத்துவர் நிக்கோலாய் தாலின் சிகிச்சைக்குப் பிறகே இரண்டாவது கன்செர்ட்டோ பிறந்தது. சிம்பொனியை அவர் அச்சிடவில்லை. 1917 புரட்சியில் ரஷ்யாவை விட்டு வெளியேறியபோது கையெழுத்துப் படி அங்கேயே தங்கிவிட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து, 1940இல், அமெரிக்காவில் ‘சிம்பொனி நடனங்கள்’ எழுதுகிறார். அதுவே அவருடைய கடைசிப் பெரிய படைப்பு. இசைக்குழு வடிவமும் இரண்டு பியானோ வடிவமும் உண்டு. 1942இல் பெவர்லி ஹில்ஸ் வீடொன்றில் நண்பர்கள் முன்னிலையில் இந்த இரண்டு பியானோ வடிவத்தை அவரும் விளாதிமிர் ஹோரோவிட்சும் வாசித்தார்கள். முதல் நடனம் கடுமையான தாளத்தோடு ஓடி முடியும் தறுவாயில், எதிர்பாராமல் வெளிச்சம் பரவுகிறது. ஒரு மெட்டு சாவதானமாகப் பாடப்படுகிறது. எதிர்ப் பியானோ மேல் ஸ்தாயியில் சிறு மணிகளைத் தூவுகிறது. அந்த மெட்டு, தொலைந்துபோன முதல் சிம்பொனியின் மெட்டு.

அந்தச் சிம்பொனியின் முகப்பில் ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்ற விவிலிய வாசகம் இருந்தது. அங்கே மெட்டு இறுகிய மைனர் சுருதியில் முழங்கியது. இங்கே மேஜருக்கு மாறி, கோபம் தணிந்து வருகிறது. அவரைத் தவிர அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. 1943இல் ராக்மானினாஃப் காலமானார். சிம்பொனியின் வாத்தியப் படிகள் லெனின்கிராடில் கண்டெடுக்கப்பட்டு, மாஸ்கோவில் அது மீண்டும் ஒலித்தது 1945இல். அதற்குப் பிறகுதான் உலகம் அந்த இடத்தை மேற்கோள் என்று அறிந்தது.

அப்படியானால் 1942இல் அது மேற்கோள் இல்லையா? மேற்கோள்தான் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். மூலம் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் ஏதோ வேறொரு காலத்திலிருந்து வந்திருக்கிறது என்று புரிகிறது. வேகம் மாறுகிறது, மூச்சு மாறுகிறது, எதிர்ப் பியானோ அதைத் தாங்கிப் பிடிக்கும் விதம் மாறுகிறது. ஓர் இளைஞனின் காயத்துக்கு முதியவர் தரும் பதில் அது. காயத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பதிலின் கனிவு கேட்கிறது.

இதே படைப்பின் கடைசி நடனத்தில் எல்லோருக்கும் தெரிந்த மேற்கோள் ஒன்று இருக்கிறது. ‘தியெஸ் ஈரே’ எனும் இறுதித் தீர்ப்பு நாள் பாடல். ராக்மானினாஃப் வாழ்நாள் முழுவதும் அதை விடாமல் எடுத்தாண்டவர். அதற்கு எதிரே, 1915இல் தாம் எழுதிய ‘இரவு வழிபாடு’ இசையிலிருந்து உயிர்த்தெழுதலைப் பாடும் பகுதியை வைக்கிறார். இசைக்குறிப்பில் அந்த இடத்தில் ‘அல்லேலூயா’ என்று எழுதியும் வைத்தார். மரணத்தின் பாடலும் அதை வெல்லும் பாடலும் ஒரே அரங்கில் மோதுகின்றன. இதைப் பலரும் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த முதல் நடனத்தின் முடிவே அதிகம் பேசுகிறது.

5. எல்லாக் காலமும் ஒரே வேளையில்: ஸிம்மர்மான், 1964

கொலோன் நகருக்கு அருகே பிறந்தவர் பெர்ண்ட் அலாய்ஸ் ஸிம்மர்மான் (1918-1970). இளமையில் போருக்கு அனுப்பப்பட்டவர். காலம் முன்னும் பின்னுமாக ஒரு கோட்டில் ஓடுகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. புனித அகுஸ்தீனின் சிந்தனைகளைப் படித்தவர். சென்றதும் நிகழ்வதும் வருவதும் மனத்துக்குள் ஒருங்கே இருக்கின்றன என்றும், காலத்தின் வடிவம் உருண்டை என்றும் கருதினார். அவருடைய ‘போர்வீரர்கள்’ இசைநாடகம் 1965இல் கொலோனில் அரங்கேறியபோது இந்தக் கருத்தின் முழு விரிவு தெரிந்தது.

அந்தப் பெரிய நாடகத்தைவிட எனக்கு நெருக்கமானது இரண்டு பியானோக்களுக்கான ‘தனிமொழிகள்’. முதலில் அவர் இரண்டு பியானோக்களுக்கும் இசைக்குழுவுக்கும் ‘உரையாடல்கள்’ என்ற படைப்பை எழுதினார். அது தெபுஸ்ஸிக்கு அஞ்சலி. 1964இல் அதிலிருந்து இசைக்குழுவை நீக்கி, இரண்டு பியானோக்களை மட்டும் தனியே நிறுத்தினார். பெயரையும் மாற்றினார். வாசித்தவர்கள் அலாய்ஸ், அல்ஃபோன்ஸ் கொண்டார்ஸ்கி எனும் சகோதரர்கள். 1955இல் மியூனிக் வானொலிப் போட்டியில் பியானோ இருவருக்கான முதல் பரிசு பெற்றவர்கள். அந்தத் தலைமுறையின் புதிய இசை பலவும் இவர்கள் விரல்களை நம்பியே எழுதப்பட்டது. ஸ்டாக்ஹவுசனின் ‘மந்திரா’ உட்பட.

‘தனிமொழிகள்’ படைப்பில் பாஃக், மொசார்ட், பீத்தோவன், தெபுஸ்ஸி, மெஸியான் ஆகியோரின் துணுக்குகள் வருகின்றன. நீளமாக அல்ல. ஒரு சொற்றொடர் அளவுக்கு வந்து, கேட்பவர் அடையாளம் கண்டுகொள்ளும் முன்பே அடுத்தது எழுகிறது. சில வேளைகளில் ஒன்றின் மேல் ஒன்று. சுற்றிலும் ஸிம்மர்மானுடைய இசை நொறுங்கிய கண்ணாடி போல் தெறித்துக் கிடக்கிறது. அந்தத் துகள்களுக்கு இடையே ஒரு மொசார்ட் சொற்றொடர் கேட்கும்போது உடனே ஓர் ஏக்கம் பிறக்கிறது. அங்கேயே தங்கிவிட மாட்டோமா என்று தோன்றுகிறது. ஆனால் எதிர்ப் பியானோ தங்கவிடுவதில்லை.

இதைக் குப்பைமேடு என்று இகழ்ந்தவர்களும் உண்டு. எதையும் எதனோடும் ஒட்டலாம் என்ற துணிச்சல் என்றார்கள். நான் உடன்படவில்லை. பெயரைக் கவனியுங்கள். இரண்டு பேர் வாசிக்கிறார்கள், ஆனாலும் தனிமொழி. இருவரும் தத்தம் நினைவுகளோடு தனியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் நினைவு மற்றவர் நினைவைத் தொட்டும் தொடாமலும் போகிறது. தெபுஸ்ஸியிடம் மேற்கோளுக்குப் பதில் எதிர்ப்பாக வந்தது. ராக்மானினாஃபிடம் ஆறுதலாக வந்தது. ஸிம்மர்மானிடம் பதில் வராமல் போகும் இடங்களே மிகுதி. கேட்கப்பட்ட கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பாஃக்கையும் பீத்தோவனையும் பழையபடி நிம்மதியாக நினைக்க முடியாத ஒரு தலைமுறைக்கு, அந்தப் பதிலின்மைதான் உண்மையாக இருந்திருக்கும்.

6. பெயர் சொல்லி அழைப்பது

லிகெட்டியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1976இல் அதே கொண்டார்ஸ்கி சகோதரர்கள் வாசித்த மூன்று துண்டுகளில் நடுவில் உள்ளதன் தலைப்பே நீளமானது. இசையமைப்பாளர்கள் ரைக்கும் ரைலியும் உடனிருக்க வரைந்த தம் உருவப்படம், கூடவே ஷோப்பானும் இருக்கிறார் என்று பொருள்படும். வாசிப்பவர் ஒரு கையால் சில கட்டைகளை ஓசையின்றி அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறு கை அவற்றின் மேலும் ஓடுகிறது. அழுந்திய கட்டைகள் ஒலிப்பதில்லை. சீரான ஓட்டத்தில் ஊகிக்க முடியாத ஓட்டைகள் விழுகின்றன. முடிவை நெருங்கும்போது ஷோப்பானின் சவ ஊர்வலச் சொனாட்டாவின் கடைசிப் பகுதி, அந்த விடாத கிசுகிசுப்பு, நிழலாகத் தெரிகிறது. இங்கே எடுத்தாளப்படுவது மெட்டு என்பதைவிட ஓடும் விதம் என்பதே பொருந்தும்.

7. ஒரே பலகையில் இருவர்

கடைசியாக கியோர்கி கூர்டாக், மார்த்தா கூர்டாக் தம்பதியர். 1947இல் மணந்து, 2019இல் மார்த்தா மறையும் வரை சேர்ந்து வாசித்தவர்கள். மேடையில் பெரிய பியானோவைத் தவிர்த்து, ஒலி தணிக்கும் மிதியோடு கூடிய சாதாரண நிமிர்ந்த பியானோவைக் கொண்டுவந்து, அவையோருக்கு முதுகு காட்டி அமர்ந்து வாசித்தார்கள். கூர்டாக் எழுதிய ‘விளையாட்டுகள்’ தொகுப்பின் சிறு துண்டுகளும், அவர் நான்கு கைகளுக்கு மாற்றிய பாஃக் படைப்புகளும் மாறி மாறி வரும். அவற்றில் 106ஆம் காண்டாட்டாவின் தொடக்க இசை மிகப் புகழ் பெற்றது. ஒரு நிமிடம் கூர்டாக், இரண்டு நிமிடம் பாஃக். இங்கே பாஃக் முழுதாகவே வருகிறார், ஆனால் முன்னும் பின்னும் வரும் துண்டுகளின் நடுவே வைத்துக் கேட்கும்போது அந்த முழுப் படைப்பே ஒரு மேற்கோள் ஆகிவிடுகிறது. கைகள் ஒன்றன் மேல் ஒன்று கடந்து போகும் நெருக்கத்தில் கேள்வியும் பதிலும் பிரித்தறிய முடியாமல் கலக்கின்றன.

‘விளையாட்டுகள்’ பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட தொகுப்பு. சாய்கோவ்ஸ்கிக்கு அஞ்சலி என்றொரு துண்டு அதில் உண்டு. முதல் பியானோ கன்செர்ட்டோவின் புகழ்பெற்ற தொடக்கத்தைக் குழந்தை உள்ளங்கைகளால் அடித்து வாசிக்க வேண்டும். சரியான ஸ்வரம் ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது. அந்தக் கன்செர்ட்டோவை வாசிக்க இன்னும் பல ஆண்டுகள் பயில வேண்டிய குழந்தை, இன்றைக்கே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது.

இந்த அவையில் பியானோ ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் டிரினிட்டி, ராயல் ஸ்கூல்ஸ் தேர்வுகளுக்கெனத் தனியாகவே அமர்ந்து தயாராகிறார்கள். வாரத்தில் ஒரு வகுப்பையாவது நான்கு கை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த எந்த மெட்டையும் தொடங்கட்டும், அது பாஃக்காகவும் இருக்கலாம், இளையராஜாவாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை தனக்குத் தோன்றியதை அதற்கு எதிரே வாசிக்கட்டும். இந்த அறக்கட்டளையின் ஆண்டு நிகழ்வில் அப்படி இருவர் இருவராக வாசிக்க ஒரு மாலை ஒதுக்கினால், கேட்பதற்கு முதல் ஆளாக நான் வருவேன்.